ஒரு கேஸ் லீக் ஆகிறது!

டக்...

டக்... டக்...

வக்கீல் கண்ணைத் திறந்தார்.

மதிய நேரம். திரைச்சீலையை இழுத்துவிட்ட படுக்கையறை. கட்டிலில் அவர் மட்டும். பக்கத்துத் தலையணை காலி.

டக்... டக்... டக்...

யாரோ விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்!

ஜன்னலைப் பார்த்தார். யாரும் இல்லை. நாலாவது மாடி ஜன்னலில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

சத்தம் அவர் தலைக்கு மேலே இருந்து வந்தது. ஏசியிலிருந்து!

படுக்கும்போது அவரே கையால் அணைத்துவிட்டுப் படுத்த ஏசி.

'பீப்' என்றது. பச்சை விளக்கு எரிந்தது. வாய் திறப்பது போல மூடி மெல்ல விரிந்தது. முகப்பில் எண் மின்னியது.

இருபத்தாறு.

பிறகு அந்த அழுகை... 'ஊ... ஊ...' என்று இழுத்து இழுத்து, வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை.

சொட்டு!

ஜில்லென்று ஒரு துளி நெற்றியில் விழுந்தது.

"வீ...ல்!"

கோர்ட்டில் சாட்சிகளை அலற வைத்தே பெயர் வாங்கிய வக்கீல், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தானே அலறினார்.

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால், அவர் மனைவியைக் கொன்றவர் அவரேதான்!

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற ஆசாமிகளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இப்போதே போட்டு உடைக்கிறேன். எப்படிக் கொன்றார் என்பதை மட்டும் கொஞ்ச நேரம் என் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். அவசரப்படுத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஊருக்கு அவர் சொன்ன கதை இது. மனைவி துவைத்த துணி ஒன்று பறந்துபோய், ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் விழுந்தது. ஏசியின் வெளி யூனிட் உட்கார்ந்திருக்கிற அதே சன்ஷேடு. அதை எடுக்க ஜன்னல் வழியாக இறங்கினாள். கால் வழுக்கியது. அவ்வளவுதான்.

போலீஸ் நம்பியது. சொந்தபந்தம் நம்பியது. தெருவே உச்சுக்கொட்டிவிட்டுப் போனது.

ஒரே ஒருத்தி மட்டும் நம்பவில்லை.

கதவு திறந்தது. வாசலில் மாமியார்.

"மறுபடியும் அழுறாளா மாப்பிள்ளை?"

"அத்தை! எத்தனை தடவை சொல்றது? அது ஏசி! ஏதோ ரிப்பேர்!"

"உங்களுக்கு ரிப்பேரு. எனக்கு என் பொண்ணு." மாமியார் ஏசிக்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். "குளுருதாம்மா? இதோ இருக்கேன்டி. சொல்லு. என்ன ஆச்சுன்னு சொல்லு."



மகள் போன நாளிலிருந்து மாமியார் இந்த வீட்டைவிட்டு நகரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இவள் மட்டும் அந்த ஏசிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். 'ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே கை நடுங்கும் அவளுக்கு. அவ எப்படி மாப்பிள்ளை ஜன்னலைத் தாண்டினா?' இந்த ஒரு கேள்விதான். காபி கொடுக்கும்போது கேட்பாள். சட்டைக்கு இஸ்திரி போடும்போது கேட்பாள்.

"அத்தை, இப்பவே மெக்கானிக்கைக் கூப்பிடறேன். அவன் வந்து சரி பண்ணி, சத்தம் நின்னுட்டா, அது வெறும் மெஷின்னு ஒத்துக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்புவீங்களா?"

மாமியார் யோசித்தாள்.

"நின்னுட்டா கிளம்பறேன். அழுகை நின்ன பிறகு இங்க எனக்கு என்ன வேலை?"

வக்கீல் பாய்ந்து போனை எடுத்தார்.

"ஹலோ, ஏசி சர்வீஸா? உடனே ஆள் வேணும். வாரண்டி இருக்கு!"

---

வாசலில் பிரம்மாண்டமாக ஒரு தும்மல் கேட்டது. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

"ஏசி மெக்கானிக் சார்... ஹ... ஹ... ஹச்!"

குளிர்ச்சியை வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்குக் குளிர்ச்சியே ஆகாது. அதனால் அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய், தெருவில் எல்லோருக்கும் அவர் 'தும்மல்'. நாற்பது வயசு. தோளில் கருவிப் பை. சட்டைப் பையில் போன். கை எப்போதும் அழுக்காக இருப்பதால் ஸ்பீக்கர் எப்போதும் ஆன்.

கூடவே வழிகாட்ட வந்திருந்தார் கட்டடத்து வாட்ச்மேன். பெயர் நட்டு. அன்றைக்குக் கீழே கிடந்தவளை முதலில் பார்த்துச் சத்தம் போட்டவர்.

"அந்த ரூம் ஏசியா சார்?" என்று நட்டு இழுத்தார். "பாவம், நல்ல அம்மா..."

"நீ கீழ போய்யா!" வக்கீல் எரிந்து விழுந்தார்.

நட்டு போய்விட்டார். தும்மல் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மூடியைக் கழற்றினார். மாமியார் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ! இவன் மூச்சு விட முடியாம தவிச்சிருக்கானே!"

"யாரு?" வக்கீல் திடுக்கிட்டார்.

"ஃபில்டர் சார். தூசி அடைச்சு கிடக்கான் பாருங்க."

மெக்கானிக்குகளுக்கு இது ஒரு வழக்கம். நட்டு, போல்ட்டு, மோட்டார் எல்லாமே அவர்களுக்கு 'அவன்', 'இவன்'தான். கூடப் பிறந்தவர்களைச் சொல்வது போல உரிமையாகச் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். பின்னால் ஒருவர் உயிர் இதில் தொங்கப் போகிறது.

"அவன் இல்ல தம்பி," என்றாள் மாமியார். "அவ."

தும்மல் திரும்பிப் பார்த்தார். வக்கீல் தலையில் விரலை வைத்து, 'கொஞ்சம் அப்படித்தான்' என்று ஜாடை காட்டினார்.

"தண்ணி சொட்டுதே, அது?" என்று அவரே கேட்டார்.

"தண்ணி போற குழாய் பாசி புடிச்சு அடைச்சிருக்கு. போக வழியில்லாம உள்ளேயே வழியுது." ஊதினார். குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே விழுந்தது. சொட்டு நின்றது.

"டக் டக்குன்னு தட்டற சத்தம்?"

"பிளாஸ்டிக் சார். குளிர்ல சுருங்கும், சூட்டுல விரியும். அப்போ தட்டும். பாதி வீட்டுல தட்டிக்கிட்டுத்தான் இருக்கும். யாரும் காது குடுக்கறதில்ல."

வக்கீலின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"அந்த... அழுகை?"

தும்மல் ஸ்டூலைவிட்டு இறங்கினார். ஏசிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சுவரில் குழாய் வெளியே போகிற ஓட்டையைக் காட்டினார்.

"இதை அடைச்சிருந்த பூச்சு விழுந்துடுச்சு. காத்து புகுந்து ஊதுது. இங்க பாருங்க..." உள்ளங்கையை வைத்து மூடினார். அழுகை சட்டென்று நின்றது. கையை எடுத்தார். 'ஊ... ஊ...' கையை வைத்தார். அமைதி.

"அவ வாயைப் பொத்தாதே தம்பி!"

மாமியாரின் குரல் உடைந்திருந்தது. தும்மல் கையை இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா அத்தை!" வக்கீலுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "தூசி! பாசி! காத்து! இதுக்குப் போய் நாம..."

"சரி சார்," என்றார் தும்மல், "தானா ஆன் ஆகுதுன்னு போன்ல சொன்னீங்களே, அதுதான் எனக்குப் புரியல. போர்டு நல்லா இருக்கு. டைமர் எதுவும் வைக்கல. எப்பவும் இருபத்தாறுல வந்து நிக்குதுன்னா... யாரோ ரிமோட்டைக் கையில வச்சு அமுக்கற மாதிரியே இருக்கு. இருபத்தாறு வைக்கிற ஆள் யாராவது வீட்டுல இருக்காங்களா?"

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என் பொண்ணுதான் வைப்பா," என்றாள் மாமியார். "மாப்பிள்ளைக்குப் பதினெட்டு வேணும். அவளுக்கு அது ஆகாது. நடுங்குவா. அவ போட்டுக் குளிக்கிற எலுமிச்சை சோப்பு வாசனைகூட ஏசிலேர்ந்து வருது. உனக்கு வரலையா தம்பி?"

"எனக்கு மூக்கு அடைச்சு வருஷக்கணக்கு ஆகுதும்மா. சாக்கடையும் ஒண்ணுதான், சந்தனமும் ஒண்ணுதான். ஹச்!"

"அத்தை, நீங்க போய்ப் பெட்டியைக் கட்டுங்க," என்றார் வக்கீல். வார்த்தை மரியாதையாகத்தான் இருந்தது.

மாமியார் வாசல்வரை போய்த் திரும்பினாள். மெக்கானிக்கின் முழங்கையைத் தொட்டாள்.

"தம்பி... முழுசா சரி பண்ணிடாதப்பா. அவ இன்னும் சொல்லி முடிக்கல."

தும்மல் மூக்கை உறிஞ்சினார். அது ஜலதோஷம் இல்லை.

---

"வெளி யூனிட்டைப் பாக்கணும் சார். உள்ள குழாய்ச் சுருள்ல ஐஸ் கட்டியிருக்கு. ஒரு சந்தேகம்."

தும்மல் ஜன்னலைத் திறந்தார். சர்வீஸ் ஆள் இறங்குவதற்கென்றே கம்பி வைக்காமல் விட்ட பெரிய ஜன்னல். ஒரு காலை வெளியே போட்டவர் நின்றார்.

"சார், ஒரு உதவி. ஜன்னலைச் சாத்திடாதீங்க. தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான் இருக்கு. இடுப்புல கட்டற பெல்ட்டை வேற கீழ வண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

வக்கீலின் பார்வை தாழ்ப்பாளில் இருந்தது.

தும்மல் இறங்கினார். ஒரு பாதம் அகலமே உள்ள இடம். கீழே நாலு மாடி ஆழம். வெளி யூனிட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"சார்! யூனிட்டுக்குப் பின்னாடி ஒரு ரிமோட் கிடக்குது! இடுக்குல மாட்டி, பட்டனெல்லாம் அமுங்கிப் போய்... இதான் சார் வேலையைக் காட்டியிருக்கு! இது எப்படி சார் இங்க வந்துச்சு?"

வக்கீல் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ரிமோட்!

கீழே அவளோடு விழுந்து நொறுங்கியிருக்கும் என்றல்லவா நினைத்திருந்தார். துணியை எடுக்கப் போனவள் என்று ஊரெல்லாம் சொன்னாரே. துணி எங்கே? அங்கே ரிமோட் இருக்கிறது!

"அது... அது பழசு! அங்கேயே போட்டுடு!"

"இல்ல சார், கையோட கொண்டுவரேன்." ரிமோட் தும்மலின் பைக்குள் போனது. பிறகு பாட்டிலிலிருந்து சோப்பு நுரையை எடுத்துக் குழாய் இணைப்புகளில் தடவினார். ஒரு இடத்தில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் கொஞ்சம் வேலை பார்த்தார். அழுக்குக் கையின் ஒரு விரலால் போனைத் தட்டினார்.

வக்கீலுக்கு நுரை தெரியவில்லை. குமிழ் தெரியவில்லை. சுவர் ஓட்டை வழியாகக் குரல் மட்டும் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

"முதலாளி! கேஸ் லீக்!"

வக்கீலின் காது விறைத்தது. இருபது வருஷமாக அந்தக் காதுக்குக் கேஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான்.

"அப்படியா?" என்றது போனிலிருந்து முதலாளியின் குரல். "எப்படிடா லீக் ஆச்சு?"

"நட்டுதான் முதலாளி! நட்டு லூஸு! இத்தனை நாளா கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் வெளிய விட்டிருக்கான்!"

நட்டு!

வாட்ச்மேன் நட்டு!

அவன் கீழே கேட்டில் உட்கார்ந்திருந்தான். அண்ணாந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியும். பார்த்திருக்கிறான்!

"அவனை என்ன பண்ணே?"

"ஸ்பேனரை வச்சு ஒரு முறுக்கு முறுக்கினேன். வழிக்கு வந்துட்டான்."

"சரிடா, சீக்கிரம் வா. இங்க இன்ஸ்பெக்டர் வந்து உக்காந்துக்கிட்டு, கேஸ் என்னாச்சு, கேஸ் என்னாச்சுன்னு என் உயிரை எடுக்கறாரு."

"இதை முடிச்சிட்டு நேரா ஸ்டேஷனுக்கே வந்துடறேன்னு சொல்லுங்க. இந்தக் கேஸை அப்படியே விட முடியாது முதலாளி. பழசை முழுசா வெளிய எடுத்துட்டு, புதுசா போட்டாத்தான் சரிவரும்."

"வக்கீலுக்கு விஷயம் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. சொன்னா ஷாக் ஆயிடுவாரு!"

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வக்கீல் ஏற்கெனவே ஷாக் ஆகியிருந்தார்!

ஏசி மெக்கானிக்காம்! தும்மலாம்! மாறுவேடத்தில் வந்து, தூசி பாசி என்று பசப்பி, ரிமோட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு...

இரண்டே எட்டு. ஜன்னலை இழுத்தார்.

சடக்!

தாழ்ப்பாள் விழுந்தது.

---

தும்மல் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வக்கீலின் முகம்.

"சார்! காத்துல சாத்திக்கிச்சு! திறங்க சார்!"

முகம் அசையவில்லை.

"சார்...?"

வக்கீல் குனிந்து, சுவர் ஓட்டையில் வாயை வைத்தார்.

"உண்மையைச் சொல்லு. யாருய்யா நீ?"

"தும்மல் சார்!"

"ஸ்பெஷல் பிராஞ்சா?"

"பிராஞ்செல்லாம் கிடையாது சார், ஒரே கடைதான்! திறங்க சார், கால் நடுங்குது!"

"நட்டு என்ன சொன்னான்?"

"நட்டா? நட்டு என்ன சார் சொல்லுவான்? லூஸா இருந்தான். டைட் பண்ணேன்!"

"ஸ்பேனரால அடிச்சா எவனும்தான் கக்குவான்! அது கோர்ட்டுல செல்லாது!"

தும்மலுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கால் வேறு வழுக்கியது. கையிலிருந்த நுரை சன்ஷேடெல்லாம் சிந்திக் கிடந்தது. ஒரு தும்மல் வந்தால் போதும், கதை முடிந்தது. மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணாடியைத் தட்டினார்.

டக்... டக்... டக்...

"தட்டாதே!" வக்கீல் கத்தினார். "தட்டாதேன்னு சொல்றேன்ல! அவளும் இப்படித்தான் தட்டினா!"

டக்... டக்...

"நட்டு என்ன பாத்தான்? நான் தள்ளினேன்னு சொன்னானா? பொய்! நான் தள்ளல! சட்டப்படி நான் அவ மேல கையே வைக்கல!"

கட்சிக்காரர்கள் எத்தனை பேருக்கு இவர் சொல்லியிருப்பார், 'என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே' என்று. இப்போது இவர் வாய் திறந்தது. மூட ஆளில்லை.

"ரிமோட்டுக்குச் சண்டை! தினமும் அதே சண்டை! நான் பதினெட்டு வைப்பேன், அவ இருபத்தாறு வைப்பா. புடுங்கி வெளிய வீசினேன். நீயே போய் எடுத்துட்டு வாடின்னேன். போனா! நான் சொன்னா போவா!"

ஆமாம். போனாள். ஸ்டூல்மேல் ஏறப் பயப்படுகிறவள் ஜன்னலைத் தாண்டினாள். உயரத்தைவிட அவளுக்குப் புருஷனிடம் அதிக பயம்.

"இறங்கினதும் தாழ்ப்பாளைப் போட்டேன். கொஞ்ச நேரம் நின்னா புத்தி வரும்னுதான்! அவ்வளவுதான் நான் பண்ணது! என் வீட்டு ஜன்னல், என் வீட்டுத் தாழ்ப்பாள்! அவ தட்டினா. அழுதா. தட்டிக்கிட்டே இருந்தா. நான் டிவியில சத்தத்தைக் கூட்டினேன். அப்புறம் பாத்தா... தட்டல."



ஏசிகூடச் சத்தம் போடவில்லை.

"மாப்பிள்ளை."

வக்கீல் மெல்லத் திரும்பினார்.

வாசலில் மாமியார். கையில் பாதி மடித்த புடவை. தட்டுகிற சத்தம் கேட்டு வந்தவள். இத்தனை நாள் ஏசியிலிருந்து வந்த சத்தம், இன்றைக்கு ஏன் ஜன்னலிலிருந்து வருகிறது என்று பார்க்க வந்தவள்.

"எவ்வளவு நேரம் தட்டினா?" என்று கேட்டாள்.

"அத்தை, நான் சொல்றதைக்..."

"எவ்வளவு நேரம் மாப்பிள்ளை தட்டினா என் பொண்ணு?"

  ஆயிரம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவருக்கு, இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

மாமியார் அவரைத் தாண்டி நடந்தாள். ஜன்னலிடம் போனாள். தாழ்ப்பாளைத் தொட்டாள். ஒரே விரலால் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு திறந்தது.

"இவ்வளவு லேசா இருக்கே இது," என்றாள். "ஒரு விரல் போதுமே மாப்பிள்ளை. ஒரு விரல் போதுமே..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை அது.

தும்மல் உருண்டுபோய் அறைக்குள் விழுந்தார். விழுந்ததும் அடக்கி வைத்திருந்த அத்தனையையும் மொத்தமாகத் தும்மினார்.

வக்கீல் வாசலைப் பார்த்து ஓடினார்.

"வக்கீல் சார், அங்கேயே நில்லுங்க!"

புதுக் குரல்! கணீரென்ற குரல்!

தும்மலின் சட்டைப் பையிலிருந்து வந்தது.

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். கடையில, ஸ்பீக்கர் பக்கத்துலேயே உக்காந்திருக்கேன். சுவத்து ஓட்டையில வாயை வச்சு நீங்க பேசினது ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு. உங்க தெருமுனையில நம்ம ஜீப் நிக்குது. நீங்க இறங்கறதுக்குள்ள அது வந்துடும். அதனால சிரமப்பட்டு ஓடாதீங்க."

"லைனை நான் கட் பண்ணவே இல்ல சார்," என்றார் தும்மல் மூச்சு வாங்கியபடி. "கை அழுக்கு."

---

இன்ஸ்பெக்டர் வந்தபோது, பின்னாலேயே நட்டுவும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்ன சார், என் பேரு அடிபடுதாமே! நான் எதையும் பாக்கல சார்! சத்தியமா! அன்னிக்கு கேட்டுல உக்காந்தபடியே தூங்கிட்டேன். விழுந்த சத்தத்துலதான் முழிச்சேன்!"

வக்கீலின் கண்கள் பிதுங்கின.

"தூங்கிட்டியா? அப்போ... கேஸை லீக் பண்ண நட்டு?"

தும்மல் பைக்குள் கையை விட்டார். பித்தளையில் பளபளக்கிற சின்னத் திருகு நட்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இந்த மாதிரி ஒருத்தன் சார். குழாயில இருக்கான். அவன்தான் லூஸு."

"கேஸ்...?"

"ஏசி கேஸ் சார். உள்ள ஓடுமே, குளிர்றதுக்கு. அது. புதுசா போடற செலவைக் கேட்டா ஷாக் ஆவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

வக்கீல் சுவரில் சாய்ந்தார். அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ... இன்ஸ்பெக்டர்... நீங்க கடையில...?"

"ஸ்டேஷன்ல என் ரூம் ஏசிக்குக் கேஸ் போடச் சொல்லி நடையா நடந்துக்கிட்டிருக்கேன் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவங்க இதோ அதோன்னு இழுத்தடிக்கறாங்க. நீங்க ஒரே நிமிஷத்துல போட வச்சிட்டீங்க."

வக்கீலுக்குத் தொழில் புத்தி திரும்பியது. துள்ளி எழுந்தார்.

"போன்ல கேட்டதெல்லாம் சாட்சியா? கோர்ட்டுல கிழிச்சுடுவேன்! இந்தக் கேஸ் நிக்காது!"

"நான் வந்து நிக்கறேன்," என்றாள் மாமியார்.

கண்ணைத் துடைத்திருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

"காதால கேட்டவ நான். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வந்து நிக்கறேன். நீங்க கேக்கற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றேன். நான் கேட்ட ஒரு கேள்விக்கு அங்கேயாவது நீங்க பதில் சொல்லுங்க மாப்பிள்ளை."

வக்கீலின் தலை தொங்கியது.

தும்மல் அந்த ரிமோட்டை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"இதுவும் அங்கதான் கிடந்துச்சு சார். இது பட்டன் அமுங்கிக் கிடந்ததாலதான் ஏசி தானா ஓடியிருக்கு. இவரு பேய்னு பயந்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பினார். பின்மூடி இல்லை.

"இதுல பேட்டரியே இல்லையேய்யா?"

தும்மல் எட்டிப் பார்த்தார். குழி காலியாக இருந்தது. துருப்பிடித்த கம்பிச்சுருள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

"மழையில... கீழ விழுந்திருக்கும்..."

"இல்ல," என்றார் வக்கீல். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "வீசும்போதே மூடி கழண்டு, பேட்டரி ரெண்டும் உள்ளேயே விழுந்துடுச்சு. நான்தான் எடுத்து... டிவி ரிமோட்டுல போட்டேன்."



வேலை செய்யாத ஒரு ரிமோட்டுக்காக அவளை வெளியே இறக்கிவிட்டு, அதே பேட்டரியைப் போட்டு டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறான் மனுஷன். இப்படிப்பட்டவனை இத்தனை நேரம் 'அவர்', 'இவர்' என்று மரியாதை கொடுத்து எழுதிய என்னைச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் மெல்ல அண்ணாந்து ஏசியைப் பார்த்தார்கள்.

இருபத்தாறு.

ஃபில்டர் சுத்தம். குழாய் சுத்தம். போர்டில் குறையில்லை. ரிமோட்டில் பேட்டரி இல்லை. அப்படியானால் இத்தனை நாளாக மதியம் தவறாமல் அந்த எண்ணை வைத்தது யார்?

"தம்பி," என்றாள் மாமியார். "இப்போ முழுசா சரி பண்ணிடுப்பா. அவ சொல்லி முடிச்சிட்டா."

'பீப்!'

யாரும் தொடவில்லை. பச்சை விளக்கு அணைந்தது. மூடி மெல்ல, சத்தமில்லாமல், தூங்கப்போகிற கண் மாதிரி மூடிக்கொண்டது.

தும்மல் மூக்கைச் சுருக்கினார். மறுபடி இழுத்து மோந்தார். வருஷக்கணக்காக அடைத்திருந்த மூக்கு அது.

"அம்மா," என்றார், கிசுகிசுப்பாக. "எலுமிச்சை வாசனை வருதும்மா."

மாமியார் தலையை ஆட்டினாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் வக்கீலின் தோளில் கையை வைத்தார். வக்கீல் நடந்தார். வாசலைத் தாண்டும்போது தும்மலின் சட்டைப் பையில் முதலாளியின் குரல் கரகரத்தது.

"டேய், அங்க என்னடா நடக்குது? ரொம்ப நேரமா கத்தறேன்! அந்த ஏசிக்கு வாரண்டி இருக்கா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல!"

படியிறங்குகிற வக்கீலை ஒரு பார்வை பார்த்தார் தும்மல்.

"ஏசிக்கு வாரண்டி பாத்துத்தான் சொல்லணும் முதலாளி... வக்கீலுக்கு வாரண்ட் கன்ஃபார்ம்! ஹச்!"